ஐந்து சதவீதத்தில் ஒரு துக்கவீடு

பூவராகனின் மவுஸ் போகப்போகிறது என்ற செய்தி குடியிருப்பு முழுக்கப் பரவியபோது அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாய் கொப்பளித்துவிட்டு வெளியே வருவதற்குள் கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் குடியிருப்பில் அதுதான் வழக்கம். யார் வீட்டிலாவது வயர் இல்லாத பொருள் ஒன்று பேட்டரி குறைகிறது என்று சொன்னால், அந்தச் செய்தி எல்லா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வலது மூலையில் வந்து நிற்கும். பார்த்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கதவைத் தட்டக் கூடாது. எப்படி ஆயிற்று என்று கேட்கக் கூடாது. நீங்கள் யார் என்று வீட்டுக்காரனும் கேட்கக் கூடாது. கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். பிறகு போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். சாவு வீட்டில் எப்படியோ அப்படி.

குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி ராமபத்ரன் நாற்காலிகளை அனுப்பியிருந்தார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலுக்கு வெளியே நடைபாதையில் ஒருவன் ஏணி போட்டு ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தான். மேலே கான்கிரீட் கூரை இருந்தது. அது அவன் வேலையைப் பாதிக்கவில்லை.

மேஜைமேல் மவுஸ் கிடந்தது. திரையின் மூலையில் ஐந்து சதவீதம் என்று காட்டியது.

"புது பேட்டரிங்க," என்றான் பூவராகன். "நேத்துதான் போட்டேன்."

கீழ்வீட்டு ரெஜினா அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் அப்படித்தான் தம்பி சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரரப் பத்தி நானும் அப்படித்தான் சொன்னேன். நேத்துகூட தோசை சாப்பிட்டாருன்னேன்."

ரெஜினா அக்காவின் கணவர் போன மழைக்காலத்தில் ஸ்டெபிலைசர் ஆகிவிட்டார். அவர்கள் வீட்டுச் சுவரில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறார். கரண்ட் ஏறி இறங்கும்போது டக்கென்று ஒரு சத்தம் கொடுப்பார். முன்னைக்கு இப்போது வீட்டுக்கு உபயோகமாக இருக்கிறார் என்று அக்காவே சொல்வாள்.

"பேட்டரி நிஜமாவே ஃபுல்லா இருக்குக்கா. கடையில மீட்டர் வச்சுப் பாத்துத்தான் குடுத்தாங்க."

"மனசத் தேத்திக்க," என்றாள் அக்கா.

பூவராகன் மவுஸைப் பிடித்து அசைத்துக் காட்டினான். அம்புக்குறி திரையில் நன்றாக ஓடியது. பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். போகிற நேரத்தில் முகம் தெளிவது உண்டு என்று இன்னொருவர் மெதுவாகச் சொன்னார்.

அவனுக்குப் படங்களில் இருப்பதற்குப் பெயர் எழுதும் வேலை. எங்கோ இருக்கும் ஒரு கம்பெனி படங்களை அனுப்பும். அவன் மவுஸால் கட்டம் போட்டு நாய், குடை, மனிதன் என்று எழுதுவான். இரண்டு மனிதர்கள் அருகருகே நின்றால் இரண்டு கட்டம் போட வேண்டும். கட்டங்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. இதைத் தவிர அந்த வேலையில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு, கேஸ் கொண்டுவருபவரைத் தவிர வேறு யாரும் உள்ளே வந்ததில்லை. அவரும் சிலிண்டரைத்தான் பார்ப்பார்.

மீண்டும் சொல்லலாம் என்று அவன் வாயைத் திறந்தான். இது பொய்ச் செய்தி, எல்லோரும் எழுந்து போங்கள் என்று சொல்ல வேண்டும். அப்போது சமையலறையில் சத்தம் கேட்டது. யாரோ அவனுடைய ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவன் செருப்பைச் சுற்றி நிறையச் செருப்புகள் கிடந்தன. எது தன்னுடையது என்று சட்டென்று தெரியவில்லை.

அவன் வாயை மூடிக்கொண்டு, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான்.

அதே நாளில் சி பிளாக்கிலும் ஒரு செய்தி வந்திருந்தது. ஒரு கீபோர்டு. ஆனால் சி பிளாக் தூரம். லிஃப்ட் அங்கே நிற்பதில்லை. ஜனங்கள் பக்கத்தில் இருந்த துக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையிலும் ஐந்து சதவீதம். அதற்கு அடுத்த நாளும் அதே ஐந்து. வந்தவர்கள் சலிக்கத் தொடங்கினார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள்.

"இன்னுமா?" என்றார் ஒருவர் வாசலில் நின்றபடியே.

"இழுத்துக்கிட்டுக் கெடக்கு," என்றாள் ரெஜினா அக்கா.

செக்ரட்டரி ராமபத்ரன் நேரில் வந்தார். நிலைமையைப் பார்த்தார். பேட்டரிக் கட்டையைக் கழற்றிக் கொடு என்று கை நீட்டினார். பூவராகன் மவுஸின் வயிற்றைத் திறந்து இரண்டு பேட்டரிக் கட்டைகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் அவற்றை இரண்டு கைக்கும் நடுவே வைத்துச் சப்பாத்தி மாவு மாதிரி உருட்டினார். இடம் மாற்றிப் போட்டார். ஐந்து. நகத்தால் முனையைச் சுரண்டினார். ஐந்து. கடைசியில் ஒன்றை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தார். பல் பதிந்தது.

"வெயில்ல வை," என்றார்.

மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து அதன்மேல் கட்டைகளைக் காயப்போட வேண்டும். பூவராகன் எடுத்துக்கொண்டு போனான். ஏற்கெனவே வேறு வீட்டுக்காரர்கள் தங்கள் கட்டைகளைக் காயவைத்து, குடை பிடித்துக் காவல் இருந்தார்கள். பக்கத்தில் யாருடையதோ கூழ்வடகமும் காய்ந்தது. காக்கைகள் வடகத்தை விட்டுவிட்டுக் கட்டையைத்தான் குறிவைத்தன. யாரும் யாரோடும் பேசவில்லை. அவரவர் கட்டைகளை அவ்வப்போது புரட்டிப்போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் மவுஸ் ஒரே பக்கமாகப் போகுமாம்.

சாயங்காலம் சூடாகக் கொண்டுவந்து போட்டான். ஐந்து.

"அதுக்கு ஏதோ ஆசை இருக்கு," என்றாள் ரெஜினா அக்கா. "அதான் போக மாட்டேங்குது. கேட்டுப் பாரு."

"மவுஸையா?"

"பின்ன, உன்னையா கேக்கச் சொல்றேன்?"

பூவராகன் குனிந்து கேட்டான். மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் வழக்கம்போல எரிந்தது.

"சொந்த ஊர் மண்ணக் கரைச்சு ஒரு சொட்டு விட்டா அடங்கிடும்," என்றாள் அக்கா. "எங்க மாமியாருக்கு அப்படித்தான் விட்டோம். இது எந்த ஊரு?"

அவன் திருப்பிப் பார்த்தான். "சீனான்னு போட்டிருக்கு."

"அவ்வளவு தூரத்து மண்ணுக்கு எங்க போறது?" அக்கா யோசித்தாள். "எங்க வாங்கின?"

"ரிச்சி தெருவுல."

"அப்ப அதான் வளந்த ஊரு."

ராமபத்ரன் ஆளனுப்பி ரிச்சித் தெருவிலிருந்து ஒரு பொட்டலம் மண் வரவழைத்தார். அதில் பாதி பீடித்துண்டும் உடைந்த செல்போன் கவருமாக இருந்தது. சலித்து எடுத்துத் தண்ணீரில் கரைத்து, மவுஸின் தலையில் ஒரு சொட்டு விட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஐந்து.

அதற்குமேல் யாருக்கும் பொறுமை இல்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, சொல்லாமல் போனார்கள். ராமபத்ரன் நாற்காலிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சி பிளாக்கில் தேவைப்படுகிறது என்றார். இரண்டை மட்டும் விட்டுவைத்தார். ஒன்று, எப்போதாவது யாராவது வந்தால் உட்கார. இன்னொன்றில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தார். கூட்டத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். அறுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மடியில் ஒரு மஞ்சள் பை. கையை முழங்கால்மேல் வைத்து, நிமிர்ந்து, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மண்ணைக் கரைத்தபோதும் அவர் எழுந்து நிற்கவில்லை. பையின்மேல் கோதண்டம் என்று பேனாவால் எழுதியிருந்தது. கேட்கக் கூடாது என்பதால் பூவராகன் அதைப் படித்துத் தெரிந்துகொண்டான்.

கோதண்டம் காலையில் வருவார். பூவராகன் கதவைத் திறந்தே வைத்திருப்பான். அவர் வந்து உட்காருவார். அவன் வேலை செய்வான். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். வெயில் சாய்ந்ததும் நாற்காலியின் கால் தரையில் உரசும். திரும்பிப் பார்த்தால் இருக்க மாட்டார்.

ஒரு நாள் அவன் இரண்டு காப்பி போட்டான்.

"சக்கரை போடலாமா சார்?"

"துக்க வீட்டுல எது குடுத்தாலும் குடிக்கணும்."

"இல்ல, போடட்டுமா?"

"பாதி."

மறுநாள் அவர் கேட்காமலே பாதி போட்டான். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பூவராகன் அன்று வந்த படங்களில் ஒன்றில், பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் போட்ட கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டன. கம்பெனி அதைத் தவறு என்று திருப்பி அனுப்பியது. அவன் அதை அப்படியே மறுபடி அனுப்பினான்.

மவுஸ் ஐந்து சதவீதத்திலேயே இருக்க வேண்டும் என்று அவன் விரும்பத் தொடங்கியிருந்தான். கூடினால் துக்கம் இல்லை. குறைந்தால் துக்கம் முடிந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் அந்த நாற்காலி காலியாகும். காலையில் எழுந்ததும் திரையின் மூலையைத்தான் முதலில் பார்த்தான். ஐந்து என்று இருந்தால் போய்ப் பால் வாங்கினான்.

ஒரு மத்தியானம் கோதண்டம் தானாகப் பேசினார்.

"ஸ்பேஸ் பார் இன்னும் வேலை செய்யுதா?"

பூவராகனின் கை நின்றது. மவுஸில் ஸ்பேஸ் பார் கிடையாது. அது கீபோர்டில்தான் உண்டு.

அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவர் சி பிளாக்குக்குப் போக வேண்டியவர். வழி தவறி இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். யார் வீடு, என்ன பொருள் என்று யாரும் கேட்காததால் அவருக்கும் தெரியவில்லை. வரும்போதும் சொல்லாமல், போகும்போதும் சொல்லாமல் நடக்கிற இடத்தில், தப்பான வீட்டுக்கு எத்தனை நாள் வந்தாலும் தெரியாது.

சொல்லிவிட வேண்டும். சொன்னால் எழுந்துவிடுவார்.

"செய்யுது சார்," என்றான் பூவராகன்.

"நல்லது," என்றார் கோதண்டம். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அன்றுதான் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர் கிளம்பிய பிறகு பூவராகன் மேஜைமேல் இருந்ததை ஒழுங்குபடுத்தினான். மவுஸுக்குப் பக்கத்தில் ஒரு டூத்பேஸ்ட் அட்டைப்பெட்டியை வைத்தான். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எல்லாவற்றின் மேலும் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தினான். தள்ளி நின்று பார்த்தான். கீபோர்டு மாதிரி நீளமாகத்தான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து துண்டுக்குள் கையை விட்டு வேலை செய்தான். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவர்களைப் போல இருந்தது. கோதண்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் நாச்சம்மை வந்தாள்.

அவள் பேட்டரி எச்சரிக்கைகளைச் சரிபார்க்கிற ஆள். நீண்ட நாள் இழுத்துக்கொண்டிருக்கிற வீடுகளுக்கு அவளை அனுப்புவார்கள். காட்டன் புடவை, தோளில் தோல் பை, காலில் கேன்வாஸ் ஷூ. அவளுக்கு மட்டும் கேட்கிற உரிமை இருந்தது. அதனால் வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தாள்.

"மவுஸ் எங்க?"

பூவராகன் கோதண்டத்தைப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது மேடம்?"

"மவுஸ். இந்த வீட்டுல போகப்போறது மவுஸுன்னுதானே இருக்கு." அவள் துண்டைத் தூக்கினாள். டூத்பேஸ்ட் பெட்டிகளைப் பார்த்தாள். "இது என்ன?"

"துணைக்கு," என்றான்.

அவள் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டாள். மவுஸைத் திறந்து கட்டைகளை எடுத்து, சிறிய மீட்டர் ஒன்றின் இரண்டு கம்பிகளையும் வைத்தாள். பல் தடத்தைப் பார்த்தாள். ராமபத்ரன் சாரா என்றாள். ஆமாம் என்றான். எல்லா வீட்டிலும் கடிக்கிறார் என்றாள்.

"ஃபுல்லா இருக்கு," என்றாள் பிறகு. "சார்ஜ் பண்ற கட்டை போட்டிருக்கீங்க. இது முழுசா இருக்கும்போதே, சாதாக் கட்டையவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். உங்க மவுஸுக்குச் சாதாக் கட்டைதான் பழக்கம். அந்தக் கணக்குல பாத்து, தான் போகப்போறோம்னு நெனச்சுக்கிடுச்சு."

"ஃபுல்லா இருக்கறது அதுக்குக் கொறைச்சலாத் தெரியுதா?"

"அதேதான். அதுமேல தப்பில்ல. இந்தக் கட்டை நாள் பூரா ஒரே மாதிரி இருக்கும். ஏறாது, எறங்காது. கடைசியில திடீர்னு நின்னுரும். முன்னாடியே சொல்லத் தெரியாது இதுக்கு." அவள் மீட்டரைப் பையில் போட்டாள். "பொய் எச்சரிக்கைன்னு போட்டுடறேன்."

"போடாதீங்க மேடம்."

நாச்சம்மை நிமிர்ந்தாள்.

"உண்மைன்னே இருக்கட்டும்," என்றான் பூவராகன். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

"உண்மைன்னா இதை நான் எடுத்துட்டுப் போகணும் சார். உங்க வேலை?"

"பரவால்ல."

"எடுத்துட்டேன்னா துக்கம் முடிஞ்சிரும். அப்பவும் யாரும் வர மாட்டாங்க." அவள் இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். "நிறைய பேரு இப்படிக் கேக்கறாங்க. ரெண்டுல ஒண்ணுதான் என்னால முடியும்."

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். மூலையில் இருந்த ஐந்து, நூறு ஆனது. எல்லா வீட்டிலும் அதே நேரத்தில் அப்படி ஆகியிருக்க வேண்டும். ரெஜினா அக்கா வாசலில் தலையை மட்டும் நீட்டி, "பொழைச்சுக்கிச்சா? சந்தோஷம் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. நல்ல செய்திக்கு யாரும் வந்து உட்காருவதில்லை.

நாச்சம்மை காலியாக இருந்த நாற்காலியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அது மடிகிற நாற்காலி இல்லை. அவளுக்கு மடிந்தது. பிறகு கோதண்டத்தின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க எந்த வீட்டுக்கு வந்தீங்க சார்?"

அவர் மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டார்.

"சி பிளாக்ல ஒரு கீபோர்டு இருந்துச்சு. அது நெஜமான எச்சரிக்கை. நேத்து சாயங்காலம் முடிஞ்சுது. நாளைக்குத்தான் எடுக்கணும். அந்த அம்மா தனியா இருந்தாங்க. அண்ணன் வருவாருன்னு சொல்லிட்டே இருந்தாங்க. செக்ரட்டரி கொண்டுபோய்ப் போட்ட நாற்காலி அத்தனையும் காலி."

"தெரியும்," என்றார் கோதண்டம்.

நாச்சம்மை கொஞ்ச நேரம் நின்றாள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுக்கலாமா என்று யோசித்தது போலிருந்தது. எடுக்காமல் போய்விட்டாள்.

பூவராகன் தரையில் உட்கார்ந்தான்.

"தெரியுமா சார்? இது மவுஸுன்னு?"

"மவுஸு எப்படி இருக்கும், கீபோர்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா தம்பி? வந்து உக்காந்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஜனத்தோட ஜனமா ஏறி வந்துட்டேன். எந்திரிச்சு அங்க போயிருக்கணும்."

"ஏன் போகல?"

"போனா அந்தக் கீபோர்டு போயிரும்." அவர் தன் கையைப் பார்த்தார். "பத்மாசினி எனக்குத் தங்கச்சி. பேசி ரொம்ப நாளாச்சு. நான் போய் முன்னால நின்னா, அண்ணன் வந்துட்டான், இனிப் போகலாம்னு அது போயிரும். நான் வராத வரைக்கும் இருக்கும்னு நெனச்சேன். இங்க உன்னுது அப்படியே நின்னுட்டு இருந்துச்சு. பாக்கறதுக்கு ஆறுதலா இருந்துச்சு."

"அப்ப ஸ்பேஸ் பார்?"

"சும்மா கேட்டுப் பாத்தேன். நீ வேலை செய்யுதுன்ன. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்."

பூவராகன் எழுந்து, டூத்பேஸ்ட் பெட்டிகளைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்தபோது கோதண்டம் அதே இடத்தில்தான் இருந்தார்.

"இப்பவாவது போங்க சார்."

"எல்லாம் முடிஞ்சப்பறம் கூடப்பொறந்தவன் போய் நின்னா, இவ்வளவு நாளா எங்கடா இருந்தன்னு எல்லாரும் பாப்பாங்க."

"அங்க யாருமே இல்லன்னு மேடம் சொன்னாங்களே."

"அப்ப அவ மட்டும் பாப்பா. அது இன்னும் கஷ்டம்." அவர் பையை மடியில் சரிசெய்தார். "நீ போயிட்டு வா தம்பி. அவளுக்குப் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்த மாதிரி இருக்கும். நான் இங்கேயே இருக்கேன்."

பூவராகனுக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் காதில் விழுந்தது. துக்கம் முடிந்த வீட்டில், மற்ற நாற்காலிகளெல்லாம் போன பிறகு, ஒரு ஆள் தானாக இருக்கிறேன் என்கிறார். அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"கதவைச் சாத்தவா, திறந்து வைக்கவா?"

"உன் வீடு. உன் இஷ்டம்."

திறந்தே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

நடைபாதை நீண்டது. ஷாமியானா கட்டுகிறவன் இன்னும் கட்டிக்கொண்டிருந்தான். ஏணியை நகர்த்தி, கயிற்றைச் சுண்டி, அடுத்த துணியை விரித்தான். பூவராகன் அவனுக்குப் பின்னாலேயே நடந்தான். இரண்டு பக்கமும் கதவுகள் வந்தன. எல்லாக் கதவிலும் ஒரே மாவிலைத் தோரணம், எல்லாவற்றிலும் அதே ஒரு இலை காய்ந்திருந்தது.

"சி பிளாக் இன்னும் எவ்வளவு தூரம்?"

"நான் கட்டற வரைக்கும் போகும் சார்."

"எப்ப நிறுத்துவீங்க?"

"யாரும் நிறுத்தச் சொல்லலையே."

"நிறுத்துங்க."

அவன் நிறுத்தினான். ஏணியிலிருந்து இறங்கி நெற்றியைத் துடைத்தான். முன்னால் சி பிளாக் இருந்தது.

பத்மாசினியின் வீட்டுக் கதவும் திறந்துதான் இருந்தது. கூடம் முழுக்கச் சிவப்பு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்திருந்தாள். இன்னும் சில காயவில்லை. எதிரே மேஜையில் கீபோர்டு இருந்தது. அதன்மேல் ஒன்றும் போர்த்தவில்லை. அவள் கடைசி வரிசையில், வந்தவர்களில் ஒருத்தியைப் போல, ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

அவனைப் பார்த்து எழுந்தாள். நீ யார் என்று கேட்கவில்லை.

"எதுல வேணாலும் உக்காருங்க தம்பி. எல்லாம் காலிதான்."

அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். அவள் ஃபேனைக் கூட்டி வைத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொரு எழுத்தா நின்னுபோச்சு," என்றாள் பத்மாசினி. "கடைசியில ஸ்பேஸ் பார் மட்டும்தான். எழுத ஒண்ணும் இல்ல. சும்மா அதையே தட்டிட்டு இருந்தேன். வெறும் பக்கமாப் போச்சு. எத்தனை பக்கம் போச்சுன்னு தெரியல. யாராவது வந்தா நிறுத்தலாம்னு இருந்தேன்."

அப்படிப்பட்ட வீட்டில் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

"வெயில் அடிக்குதா? திரையை இழுத்து விடட்டுமா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெகுதூரம் நடந்து வந்திருந்தான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே, இரண்டு துணி காயப்போடுகிற இடைவெளிக்கு அப்பால், அவனுடைய வீடு இருந்தது. அவன் மேஜை, அவன் கம்ப்யூட்டர், சமையலறை வாசல் எல்லாம் தெரிந்தன. தன் வீட்டை வெளியிலிருந்து அவன் அதுவரை பார்த்ததில்லை. நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. உள்ளே, அவனுடைய நாற்காலியில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்மாசினியும் பார்த்தாள்.

"அந்த வீட்டுல ஒருத்தர் எப்பவும் இப்படித்தான் உக்காந்திருப்பாரு," என்றாள். "தெனமும் பாப்பேன். பாவம், யாருமே வர மாட்டாங்க. நடுவுல ஏதோ கூட்டம் இருந்துச்சு. சரி, சொந்தக்காரங்க வந்திருக்காங்க போலன்னு நெனச்சேன். அப்பறம் எல்லாரும் போயிட்டாங்க."

"தெனமும் பாப்பீங்களா?"

"இங்க பாக்க வேற என்ன இருக்கு?" அவள் கொஞ்சம் சிரித்தாள். "ஒருக்கா கையக் காட்டினேன். பாக்கல. மறுநாளும் காட்டினேன். அவரு மும்முரமா எதையோ கட்டம் கட்டமாப் போட்டுட்டு இருந்தாரு."

பூவராகன் அந்த நாள் எது என்று நினைத்துப் பார்த்தான். எல்லா நாளும் ஒன்றுபோல இருந்தன. ஒருத்தி கையைக் காட்டியிருக்கிறாள். இரண்டு முறை. அவன் அப்போது ஒரு குடையைச் சுற்றியோ நாயைச் சுற்றியோ கட்டம் போட்டுக்கொண்டிருந்திருப்பான்.

இனி ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னால் இவள் எழுந்து ஓடுவாள். ஓடினால் அவர் எழுந்துவிடுவார். திரும்பிப் போகும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அவன் அதையெல்லாம் யோசித்துப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"அது உங்க அண்ணன்மா."

பத்மாசினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நன்றாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இல்ல தம்பி," என்றாள். "அண்ணன் வந்திருந்தா இங்கல்ல வந்திருப்பாரு. இது அந்த வீட்டுக்காரருதான். எத்தனை நாளாப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"நெஜமாத்தான் சொல்றேன்."

"நீங்க என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க. பரவால்ல. வந்ததே பெரிசு."

அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். கையை உயரத் தூக்கிக் காட்டினான். இன்னொரு கையையும் தூக்கினான். கம்பிக்கு வெளியே எட்டுகிற வரைக்கும் நீட்டி, பெரிதாக அசைத்தான்.

எதிரே இருந்தவர் திரும்பவில்லை.

"அப்படித்தான்," என்றாள் பத்மாசினி. அவள் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "பாக்க மாட்டாரு."